26, 24, 14: அடங்காத வகுப்பில் சின்னச் சின்ன வெற்றிகள்

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 8 போகாது. அதனால் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டுவிடுகிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று போன வருஷம் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். கொஞ்ச நாள் கழித்து அதே பிள்ளை 24 என்று எழுதுகிறது. அதுவும் தப்புதான். ஆனால் அந்த 24 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: பக்கத்து இடத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கி, 12-லிருந்து 8-ஐக் கழித்து, 4 போட்டிருக்கிறது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதை மறந்து, 5-லிருந்து 3-ஐக் கழித்துவிட்டது. கடன் வாங்குவது என்ற பெரிய விஷயம் பிடிபட்டாயிற்று. கொடுத்தவர் கணக்கில் எழுதுவதுதான் பாக்கி.

சமாளிக்கக் கடினமான வகுப்பில் வெற்றி பெரும்பாலும் இந்த 24 மாதிரிதான் வரும், தப்பின் வேஷத்தில். தேடத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படும்.

இந்தக் கணக்கைத் திருத்தும்போது மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு பெருக்கல் குறி போடாதீர்கள். ஒன்றின் இடத்து 4-க்குக் கீழே சின்னதாக ஒரு டிக், மேலே இருக்கும் 5-க்குத் தலையில் ஒரு புள்ளி. “இந்த 4 சரி. புள்ளி வச்ச இடத்தை மட்டும் இன்னொரு தடவை பாரு” என்றால் போதும். குச்சிக் கட்டு வைத்துச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் 5 கட்டு, 2 உதிரி. கடன் வாங்கும்போது ரப்பர் பேண்டைப் பிள்ளையே கழற்றிக் கட்டை உதிர்க்க வேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று நீங்கள் தனியாகப் பத்து குச்சியை எடுத்து நீட்டினால், மேசையில் 5 கட்டும் அப்படியே நிற்கும், விடையில் 24-ம் அப்படியே நிற்கும். கழற்றிய ரப்பர் பேண்டை நோட்டில் அந்த 5-இன் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். 5-ஐ அடித்து 4 எழுதிய பிறகுதான் அதை எடுக்கலாம். 14 பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

வாசிப்பிலும் இதே கதைதான். ‘கொடி’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது, ‘க’ நடுவில், துணைக்கால் கடைசியில். இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகப் போகிற பிள்ளை ‘கெ’ என்று தொடங்கிவிட்டு, காலில் தடுக்கி நிற்கும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டம். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். “கெ… கொ… கொடி!” என்று அதுவே திருத்திக்கொண்டால், ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்ததைவிட அது பெரிய சமாச்சாரம். வாரத்துக்கு ஒருமுறை, அதே அளவு கடினமான புதுப் பத்தி ஒன்றை ஒரு நிமிடம் படிக்கவைத்து மூன்று எண்களைக் குறியுங்கள்: படித்த சொற்கள், தானே திருத்தியவை, நீங்கள் எடுத்துக்கொடுத்தவை. மூன்றாவது எண் இறங்கியிருந்தால், முதல் எண் ஏறாவிட்டாலும் அது நல்ல வாரம். போன வாரத்துப் பத்தியையே திரும்பக் கொடுத்தால் மனப்பாடம்தான் தெரியும், வாசிப்பு தெரியாது.

நோட்டில் என்ன எழுதுவது

வகுப்பு மோசமாகப் போன நாளில் ஞாபகத்தை நம்பக் கூடாது. நாற்காலி கவிழ்ந்த அந்த ஐந்து நிமிடம் மட்டும் தலைக்குள் நிற்கும், ஒழுங்காகப் போன மற்ற நேரமெல்லாம் காணாமல் போய்விடும். அதனால் ஒரு சின்ன நோட்டு வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் அதில் ஏற்ற ஆரம்பித்தால் மூன்றாம் நாளே நோட்டு மேசை டிராயருக்குள் போய்விடும். மூன்று பிள்ளைகள், அவ்வளவுதான். மூவரில் ஒருவராவது சத்தமே போடாமல் மூலையில் உட்கார்ந்து ஒன்றும் எழுதாத பிள்ளையாக இருக்கட்டும். கடினமான வகுப்பில் அதிகம் நஷ்டப்படுவது அந்த மாதிரிப் பிள்ளைதான்.

கவனத்தை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தனியாகச் செய்யும் வேலை கொடுத்த 20 நிமிடத்தில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளையை ஒரு பார்வை பாருங்கள். அந்த நொடியில் வேலையில் இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் ஒரு சுழி. கடைசியில் பத்துக் குறிகள் இருக்கும். பத்தில் நான்கு என்பது இரண்டு வாரத்தில் பத்தில் ஆறு ஆனால் சந்தேகமே வேண்டாம், முன்னேற்றம்தான். கெட்டுப்போவது எங்கே என்றால், சத்தம் கேட்கும்போது மட்டும் நாம் திரும்பிப் பார்ப்பதில். அப்படிப் பார்த்தால் எல்லாமே சுழியாகத்தான் இருக்கும். ஆகவே கடிகாரம் சொல்லும்போது பாருங்கள், காது சொல்லும்போது வேண்டாம்.

இந்த நோட்டில் எல்லாவற்றையும்விட முக்கியமான எண் இன்னொன்று: திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரம். ஒரு பிள்ளை கோபத்தில் நோட்டை விசிறியடிப்பதற்கும், அதே நோட்டில் அடுத்த வரியை எழுதத் தொடங்குவதற்கும் இடையில் எத்தனை நிமிடம்? கோபம் வருவதே நின்றுபோக மாதக்கணக்கில் ஆகலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் 25 நிமிடம் என்பது 15 ஆவது, 15 என்பது 8 ஆவது நடக்கக்கூடிய காரியம். “இன்னைக்கும் கத்தினான்” என்று எழுதினால் ஒவ்வொரு நாளும் தோல்வி. “10.40 முதல் 10.52 வரை” என்று எழுதினால் கணக்கு பேசும். கூடவே, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று நாலு சொல்: ‘போர்டைப் பார்த்து எழுதச் சொன்னேன்’, ‘குழு மாற்றினேன்’. பத்துப் பதிவு சேர்ந்தால் ஏழெட்டு ஒரே மாதிரி இருப்பது அடிக்கடி நடக்கும். போர்டைப் பார்த்து எழுதும்போதெல்லாம் சண்டை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண் பார்வையை.

திரும்பி வரும் வழி

வெடித்த பிள்ளையிடம் அந்த நேரத்தில் “ஏன் இப்படிச் செஞ்சே?” என்று கேட்பது வீண். அதற்கே தெரியாது, பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில் இன்னும் ஏறும். வார்த்தையைக் குறையுங்கள், குரலை இறக்குங்கள், ஒரு கை நீளமாவது தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு வழி கொடுங்கள், இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானதாக இருக்க வேண்டும்: “இங்கயே உக்காந்துக்கறியா, இல்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்துக்கறியா?” சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி மற்றவர்களுக்கு வேலை கொடுங்கள். முப்பது ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் இறங்கி வராது.

அடுத்தது நோட்டு. விசிறியடித்த நோட்டை எடுத்து, விட்ட பக்கத்தைத் திறந்து, அடுத்த கணக்கை நீங்களே பாதி போட்டு மேசையில் வையுங்கள். மூடிய நோட்டைத் திறந்து, பக்கம் தேடி, முதல் எழுத்தை எழுதுவதற்குள் மறுபடியும் கோபம் வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதி போட்ட கணக்கு அந்த மூன்று படியையும் தாண்டவைக்கும். மன்னிப்புக் கேட்கவைப்பது, கீழே கொட்டியதைப் பொறுக்கவைப்பது எல்லாம் வேண்டும்தான், ஆனால் வேலைக்குத் திரும்பி ஒரு பத்து நிமிடம் ஆன பிறகு. முதலிலேயே “சாரி சொல்லிட்டு உக்காரு” என்று நிற்கவைத்தால் 12 நிமிடம் மறுபடியும் 25 ஆகும்.

கவனம் ஈர்க்கச் செய்யும் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று முடிவு செய்தால், ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: அது குறைவதற்கு முன்னால் கூடும். இதுவரை மேசையைத் தட்டினால் திரும்பிப் பார்த்தவர் இப்போது பார்க்கவில்லை என்றால், பலமாகத் தட்டிப் பார்ப்பதுதான் இயல்பு. அந்த உச்சத்தில் தாங்க முடியாமல் “டேய்!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டால், எவ்வளவு பலமாகத் தட்டினால் வேலைக்கு ஆகும் என்று பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும். கடைசிவரை தாங்க முடியாது என்றால் தொடங்காமலிருப்பது நல்லது. அடி, பொருளை எறிவது, வகுப்பை விட்டு ஓடுவது ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றை உடனே தடுத்தாக வேண்டும்.

“உட்கார்!”

1968-இல் சார்லஸ் மாட்சன், வெஸ்லி பெக்கர் குழுவினர் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர் “உட்கார்” என்று சொல்வதை அதிகமாக்கியபோது எழுந்து நிற்பதும் அதிகமானது. உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் எழுந்து நிற்பது குறைந்தது. ஆசிரியர்கள் ஏன் இந்தப் பொறியில் விழுகிறோம் என்பதும் இதிலிருந்தே புரியும். “உட்கார்” என்றால் அந்தப் பிள்ளை அந்தக் கணம் உட்கார்ந்துவிடுகிறது. நமக்கு உடனடிப் பலன் கிடைத்துவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் மறுபடி எழுந்திருப்பதை நாம் தனிக் கணக்காக வைத்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது சுலபம், பழக்கமாக்குவதுதான் கடினம். இடது பாக்கெட்டில் பத்து பேப்பர் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். மதிய உணவுக்குள் பத்தும் மாற வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் நாலு ஐந்துதான் மாறும். ‘வெரி குட்’ எல்லாம் கணக்கில் சேராது, எது நன்றாக இருந்தது என்று பிள்ளைக்குத் தெரியாதே. “மூணாவது கணக்குக்கு நீயாவே போயிட்ட” என்பது கணக்கில் சேரும். எழுந்து திரியும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாராட்டினால் அதற்கும் கேட்கும். அது உட்கார்ந்ததும் முப்பது நொடிக்குள் அதையும் பாராட்ட வேண்டும். பக்கத்துப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டால் அது குத்திக்காட்டுவதாகிவிடும்.

ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் சிலருக்கு எல்லார் முன்னாலும் பாராட்டினால் பிடிக்காது. பாராட்டிய பக்கத்தையே கிழித்துப் போடும் ரகமும் உண்டு. அவர்களுக்கு ஓரத்தில் ஒரு டிக், போகிற போக்கில் மேசையில் விரலால் ஒரு தட்டு, அவ்வளவே.

பென்சிலும் பாடவேளையும்

ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்கு மாறுவதில் ஆறு நிமிடம் போகிறது, நாளுக்கு ஐந்து மாற்றம் என்றால் அரை மணி நேரம் போச்சு. சண்டைகளில் பாதி அந்த அரை மணியில்தான் நடக்கும். ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்டதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் வித்தியாசம், தப்பு நடந்த பிறகு எப்படி அதட்டுகிறார்கள் என்பதில் இல்லை. வேலை தொய்யாமல், தடங்காமல் அடுத்ததுக்குப் போவதில் இருந்தது.

முதலில் எல்லாரும் கையை நிறுத்த வேண்டும். பிறகு மூன்றே செய்தி: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே எடுப்பது, எந்தப் பக்கம். பக்க எண்ணை போர்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் “எந்தப் பக்கம் மிஸ்?” என்று பதினைந்து தடவை கேட்கும். பிறகு “இப்போ” என்று சொல்லுங்கள். அவர்கள் நகரும்போது நீங்கள் பேசக் கூடாது. நகரும் வகுப்புக்குக் காது கிடையாது. ஆன நேரத்தை போர்டின் மூலையில் எழுதுங்கள், நேற்றைய நேரத்துக்குப் பக்கத்தில். வரிசைக்கு வரிசை போட்டி வைக்காதீர்கள். கடைசியாக வரும் வரிசை, மெதுவான ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடும், இடைவேளையில் அதற்கு அடி விழும். ஆறு நிமிடம் நாலு ஆனால் கொண்டாடலாம். மூன்றுக்குக் கீழே துரத்தினால் பைகள்தான் பறக்கும்.

பென்சில் ஒரு தனிப் பிரச்சினை. ‘பென்சில் இல்லை’, ‘முனை உடைஞ்சிடுச்சு’ இரண்டும் வேலையிலிருந்து தப்பிக்க நியாயமான சீட்டு. இரண்டு டப்பா வையுங்கள்: ஒன்றில் சீவிய பென்சில் ஆறு, இன்னொன்று காலி. உடைந்ததைக் காலி டப்பாவில் போட்டு, சீவியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், பேச்சே வேண்டாம். மாலையில் சீவுவது ஒரு பிள்ளையின் பொறுப்பு. இருப்புக்கொள்ளாத பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள். அழித்து அழித்துத் தாளை ஓட்டையாக்கும் பிள்ளைகளுக்கு ரப்பர் வேண்டாம், ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அடித்தது கண்ணில் தெரிந்தால்தானே 26 எப்போது 24 ஆனது என்று உங்களுக்கும் தெரியும்?

வகுப்புக்குள் நுழையும்போதே போர்டில் வேலை இருக்கட்டும். உதவி இல்லாமல் செய்யக்கூடிய மூன்று கணக்கு, அதில் ஒன்று போன வாரத்துப் பாடத்திலிருந்து. புதுசாக எதையும் வைத்தால் உங்கள் மேசை முன்னால் வரிசை நிற்கும்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அடங்காத வகுப்பில் இதற்கு எதிரி, முந்திக்கொண்டு கத்தும் பிள்ளை. கை தூக்குவதை விட்டுவிட்டு, எண்ணாக வரும் விடையை நெஞ்சோடு ஒட்டி விரலால் காட்டச் சொன்னால் மூன்று நொடியும் தப்பிக்கும், யாருக்குப் புரியவில்லை என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.

1969-இல் ஒரு நான்காம் வகுப்பில் சோதித்துப் பார்த்த நன்னடத்தை விளையாட்டும் இன்றுவரை வேலை செய்கிறது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு குறி. எல்லையைத் தாண்டாவிட்டால் இரண்டு அணியுமே ஜெயிக்கலாம். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், எல்லை நாலு குறி. ஒரு பிள்ளை வேண்டுமென்றே அணியைக் கவிழ்த்தால், அன்றைக்கு மட்டும் அதை ஒற்றையாள் அணியாக்கிவிடுங்கள். மறுநாள் பழைய அணிக்கே போகட்டும். பரிசு என்று பொருள் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் முன்னதாக வெளியே விடுவது ஸ்டிக்கரைவிட நன்றாக வேலை செய்யும். ஸ்டிக்கர் எண்ணிக்கை வேறு ஏறிக்கொண்டே போகும்.

வீட்டுக்குச் சொல்லும் நல்ல செய்தி ஒரே வாக்கியமாக இருக்கட்டும். “இன்னைக்குக் கோபம் வந்தும் எட்டு நிமிஷத்துல கணக்குக்குத் திரும்பிட்டாங்க.” அதோடு போனை வையுங்கள். பின்னால் “ஆனா…” என்று ஒன்றைச் சேர்த்தால் வீட்டில் அது மட்டும்தான் பிள்ளையின் காதுக்குப் போகும்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகும், வேறு ஆசிரியர் வந்து போன நாளுக்கு மறுநாளும் எல்லா எண்ணும் சரியும். திங்கள்கிழமையைத் திங்கள்கிழமையோடு ஒப்பிடுங்கள், வெள்ளியோடு வேண்டாம். மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் வேலையின் அளவைப் பாதியாக்குங்கள். இருபது கணக்குக்குப் பதில் எட்டு, எட்டையும் முடிக்கட்டும், பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டாக ஏற்றலாம்.

வருஷக் கடைசியில் இந்த நோட்டை அப்படியே அடுத்த ஆசிரியரிடம் தள்ளிவிடாதீர்கள். யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள், படித்தால் பிள்ளையைப் பார்க்கும் முன்பே பயந்துவிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று வரி போதும்: எதில் கிளம்பும், எது திருப்பிக் கொண்டுவரும், எதைச் செய்யவே கூடாது. “சத்தமான குழு வேலையில் கோபம் வரும். ஜன்னலோர இடமும் பாதி போட்ட கணக்கும் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் திரும்பிவிடுவான். எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம்.”